அரூப ஓவியத்தின் உணர்ச்சி துணியில் இருக்கிறதா, பக்கத்தில் ஒட்டிய அட்டையில் இருக்கிறதா?

வாசகர் கேள்வி, 4 பெப்ரவரி 2024

சென்ற வாரம் கொழும்பு ஏழில் அரூப ஓவியங்களின், அதாவது அடையாளம் காணத்தக்க உருவங்கள் இல்லாத ஓவியங்களின், கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஆளுயரத் துணி ஒன்றில் சாம்பலும் வெள்ளையும் மட்டும். நடுவில் கத்தியால் இழுத்த தடம். ஒன்றும் தோன்றவில்லை. அருகே போய் அட்டையைப் படித்தேன். தாயை இழந்த பின் வரைந்தது என்று எழுதியிருந்தது. உடனே எனக்கும் நெஞ்சு அடைத்தது. அந்தத் துக்கத்தை எனக்குத் தந்தது ஓவியமா, அட்டையா? அட்டைதான் என்றால், அரூப ஓவியர்கள் கதை கட்டியே பிழைக்கிறார்கள் என்று சொல்வதில் என்ன பிழை?

5 பெப்ரவரி 2024, இரவு

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் பின்னறையில் நெடுங்காலமாக வண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில் எழுதுகிறேன். அட்டை எப்போது எழுதப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓவியம் முடிந்து, சட்டம் போட்டு, கூடத்துக்கு ஏற்றி அனுப்பும் வேளையில், விலைப்பட்டியலோடு சேர்த்து அதையும் கேட்பார்கள். பல மாதங்கள் மனத்தில் ஓடியவற்றை அந்த அவசரத்தில் திரட்டி இரண்டு வரிக்குள் அடக்கிக் கொடுக்கிறோம். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிகள் ஓவியத்தின் தொடக்கம் போலத் தோன்றிவிடுகின்றன. உண்மையில் அவை அதன் கடைசிப் பூச்சு.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2022இல், பொருளாதார நெருக்கடியின்போது, நான் வரைந்தவை அனைத்தும் சாம்பல் நிறத்தவை. பார்த்தவர்கள் அவற்றில் எரிபொருள் வரிசையையும் எரிவாயு வரிசையையும் கடவுச்சீட்டு வரிசையையும் கண்டார்கள். அந்தச் சாம்பல் வந்த வழி வேறு. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கடைகளில் நல்ல நீலம் அரிதாகிவிட்டது. கண்ணில் பட்ட ஓர் அல்ட்ராமரீன் குழாயின் விலையைக் கேட்டுவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் மிஞ்சியிருந்தவை வெள்ளையும் கறுப்பும், சுவருக்கு அடித்து மீந்த இமல்ஷன் பெயிண்ட் வாளி ஒன்றும்தான். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மெழுகுதிரி வெளிச்சத்தில் வண்ணம் கலந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒளியில் நீலச்சாயை கறுத்துவிடும், வெள்ளைக்கும் இளமஞ்சளுக்கும் வேறுபாடு தெரியாது. இரவில் அப்பழுக்கற்ற சாம்பல் என்று நம்பிப் பூசியது காலையில் பச்சையடித்துக் கிடக்கும்.

அப்படிப் பச்சையடித்த ஒன்றைக் கத்தியால் வழித்தபோது, அடியில் இருந்த பழைய ஓவியத்தின் காவி நிறம் துணியின் இழைமேடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு, விட்டு விட்டு ஒரு கோடாக வெளிப்பட்டது. அந்த ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டும் ‘காயம்’ அதுதான்.

ஆகவே உங்கள் ஐயத்தில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மறுபாதியை நாளை எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது, சன்னலோரத்தில் காயாத துணி ஒன்று இருக்கிறது.

6 பெப்ரவரி 2024

நான் மறுபாதியை எழுதுவதற்குள் ஒருவர் முந்திக்கொண்டு, ‘அப்படியானால் எல்லாம் தற்செயல், உணர்ச்சி என்று ஒன்றும் இல்லை’ என்று தீர்ப்பளித்துவிட்டார். தற்செயல் நிகழ்வதற்கு ஒரு கணம் போதும். நிகழ்ந்ததை வைத்திருப்பதா, மூடுவதா என்பது பல நாள் இழுபறி. அந்தக் காவிக் கோட்டை மூடுவதற்கு வெள்ளையைக் கலந்து தட்டில் ஆயத்தமாக வைத்திருந்தேன். தட்டில் இருந்த வெள்ளை தோல் கட்டிக் காய்ந்ததே தவிர, மூடுவதற்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. நான் உணர்ச்சி என்று சொல்வது அந்த ஒப்பாமையைத்தான். மனத்தில் முன்கூட்டியே முழுதாக இருந்த துக்கம் ஒன்றைத் துணியில் இறக்கிவைப்பதாக நினைத்தால், அரூப ஓவியர் செய்யும் வேலையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

தூண்டுதல் இன்னதென்று ஐயமின்றித் தெரிந்த ஓவியத்திலும் இதுவே நடக்கிறது. 1911 ஜனவரியில் மியூனிச் நகரில் இசையமைப்பாளர் ஷொன்பர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்த ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி, சில நாட்களுக்குள் அந்த நிகழ்ச்சியை வரைந்தார். முன்வரைவுகளில் பியானோவும் அதைச் சூழ்ந்திருக்கும் மக்களும் ஓரளவு அடையாளம் தெரிகின்றனர். முடிந்த ஓவியத்தில் பியானோ ஒரு கரிய திரளாகிவிட்டது. அதை ஒட்டி மஞ்சள் பெருவெளி ஒன்று குறுக்கே பாய்கிறது. அந்த மண்டபத்தில் அவ்வளவு மஞ்சள் இருந்திருக்க வேண்டியதில்லை. தூண்டுதல் மண்டபத்தில் கிடைத்தது. மஞ்சளோ துணியின் முன் நின்றபோது வந்தது.

6 பெப்ரவரி 2024, சற்றுப் பின்னர்

‘எது மேல், எது கீழ் என்றே தெரியாத ஓவியத்துக்கு உணர்ச்சி ஒரு கேடா’ என்று கேட்டவருக்கு: கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். சட்டம் போடும் கடை ஒன்றில் என் ஓவியத்துக்குக் கொக்கியைப் பக்கவாட்டில் அடித்துவிட்டார்கள். என் பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘போன முறையைவிட இப்போது நன்றாயிருக்கிறது பிள்ளை’ என்றார். கண்டின்ஸ்கியும் ஒரு மாலை மங்கலில் வீடு திரும்பி, இன்னதென்று விளங்காத அழகிய ஓவியம் ஒன்று சுவரில் சாய்ந்திருப்பதைக் கண்டு திகைத்தார். நெருங்கிப் பார்த்தால், பக்கவாட்டில் நிறுத்தப்பட்ட தம்முடைய ஓவியம். பெரியம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

9 பெப்ரவரி 2024

அமெரிக்க அரூப ஓவியர் ரொத்கோ தம் சாவை முன்னுணர்ந்துதான் கரிய ஓவியங்களைத் தீட்டினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் கதை எங்கும் உலவுகிறது. காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நியூயோர்க்கில் சீக்ரம் கட்டடத்தின் உணவகத்துக்காக அவர் கருஞ்சிவப்பும் மரூனும் கறுப்புமாக வரையத் தொடங்கியது 1958இல். அந்த உணவகத்தில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்தவர், இந்த இடத்துக்கு என் ஓவியம் வேண்டாம் என்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவற்றில் ஒன்பதை இலண்டன் டேட் கலைக்கூடத்துக்கு அளித்தார். அவை அங்கே வந்து சேர்ந்ததும் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் ஒரே நாளில், 1970 பெப்ரவரி 25இல். இந்தப் பொருத்தம்தான் எல்லோரையும் கதை கட்ட வைக்கிறது. அந்த உணவகத்துக்கான ஓவியங்களுக்கும் சாவுக்கும் இடையில் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது.

வண்ணங்களுக்கிடையிலான உறவில் தமக்கு நாட்டம் இல்லை, அடிப்படை மனித உணர்ச்சிகளிலேயே நாட்டம் என்று ரொத்கோ சொன்னது உண்மை. தம் ஓவியங்களின் முன் கண்ணீர் விடுகிறவர்களைப் பெரிதாக மதித்தவர் அவர். ஆனால் அந்த உணர்ச்சி எதில் தங்கியிருந்தது என்பதற்கு அவருடைய வாழ்விலிருந்தே வேறொரு சான்று உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பெரிய சன்னல்கள் கொண்ட ஓர் உணவு மண்டபத்தில், 1964இல் அவருடைய சுவரோவியங்கள் தொங்கவிடப்பட்டன. அவற்றில் அவர் பயன்படுத்திய லித்தோல் சிவப்பு வெயில் தாங்காத நிறமி. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிவப்பு வெளிறி, அதனோடு கலந்திருந்த நீலம் மட்டும் மேலெழுந்தது. 1979இல் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். 2014இல், துணியைத் தொடாமல், இழந்த நிறத்தை ஒளியாக அதன்மேல் வீழ்த்தி மீண்டும் காட்டினார்கள். ஓவியரின் வாழ்க்கைக் கதை அப்படியே இருந்தது; அட்டையும் வேண்டுமானால் அப்படியே இருந்திருக்கும். சிவப்பு போனதும் ஓவியமே ஆட்டம் கண்டுவிட்டது.

கேள்வி கேட்டவருக்கு இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நிறமி போனால் போய்விடுகிற ஒன்று, அட்டையில் மட்டும் இருந்திருக்க முடியாது.

10 பெப்ரவரி 2024

வெளிநாட்டுக்காரர்களை விட்டுவிட்டு நம்மூருக்கு வரச் சொல்கிறீர்கள். சரி.

1943இல் கொழும்பில் ஒளிப்படக்கலைஞர் லயனல் வென்ட்டை மையமாகக் கொண்டு உருவான ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவில் ஜோர்ஜ் கீற்றின் பெயரே எல்லோருக்கும் தெரியும். எனக்கு நெருக்கமானவர்கள் வேறு இருவர். ஒருவர் ஜோர்ஜ் கிளாசன். கொழும்புத் துறைமுகத்தில் வரைவாளராக இருந்தவர், தாமாகவே ஓவியம் பயின்றவர், 1940களின் இறுதியில் நாட்டைவிட்டுச் சென்று அவுஸ்திரேலியா வழியாக இலண்டனில் நிலைகொண்டார். அரூபத்துக்கு முழுமையாகப் போனவர் அந்தக் குழுவில் அவர்தான் என்பேன். பகலெல்லாம் அளவுகோலோடு கோடு போட்டவருடைய கை, அளவுகோல் இல்லாதபோது எப்படி அலைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு அவருடைய கோடுகளைப் பார்ப்பேன். மற்றவர் ஐவன் பீரிஸ். அவரை அரூப ஓவியர் என்று சொல்ல முடியாது. மனிதரும் மரங்களும் கடலும் இருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் சவுத்எண்ட் கடற்கரை நகரில் வாழ்ந்துகொண்டு, 1988இல் இறக்கும் வரை, அவர் திரும்பத் திரும்ப வரைந்தது இலங்கையின் கரையை. கண்முன் ஒரு கடல் இருக்க, இல்லாத கடலை வரைந்திருக்கிறார். அந்தக் கரைகளில் அலைச்சத்தம் இல்லை; கிடைக்கோடுகள்தாம் இருக்கின்றன. தெகிவளைக் கரையில் நடந்துவிட்டு வந்து அவற்றைப் பார்த்தால், எவ்வளவை அவர் விட்டுவிட்டார் என்பது தெரியும்.

இவர்களுடைய ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸுக்குப் போங்கள். அதே குழுவைச் சேர்ந்த ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் நிலையமாக இருக்கிறது. ஓட்டுக்கூரை, நிழல், நெருக்கமாகத் தொங்கும் ஓவியங்கள். பளபளக்கும் கூடங்களைவிட அங்கே எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

17 பெப்ரவரி 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

கொழும்பில் தமிழர் ஒருவர் சிவப்பைப் பூசினால் அது இரத்தம். கறுப்பைப் பூசினால் எரிந்த வீடு. ஒன்றும் பூசாமல் வெள்ளையை விட்டால் காணாமற்போனவர்கள். இதை நான் கசப்போடு சொல்லவில்லை, அலுப்போடு சொல்கிறேன். காவியும் வெள்ளையுமாகச் செங்குத்துப் பட்டைகளை வைத்து நான் ஒரு வரிசை வரைந்தேன். கோயில் மதில்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்லத் தேவையில்லை. கண்காட்சிக் கூடம் ஒன்றில் (பெயர் எதற்கு) அதைக் காட்டியபோது, அட்டையில் போரைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் வாங்குகிறவர்களுக்கு ‘பிடிமானம்’ கிடைக்கும் என்றார்கள். நான் மறுத்தேன். அவர்கள் விடவில்லை, மறைமுகமாகவேனும் ஒரு சொல் என்றார்கள். ஓவியங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்துவிட்டேன். பெரிய துணி வண்டிக்குள் அடங்காமல் ஒரு முனை வெளியே நீண்டுகொண்டிருந்தது. டுப்ளிகேஷன் வீதி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

போரை நேராகவே எடுத்துக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சோதனைச்சாவடிகளில் உருமறைப்பு வண்ணம் பூசி நிறுத்தியிருந்த தார்ப் பீப்பாய்களை ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தபோது, நாளாந்தம் கடந்து போய்ப் பழகிவிட்ட ஒன்றை நகரம் திரும்பிப் பார்த்தது. அங்கே பொருளும் வடிவமும் ஒன்றாகவே பிறந்தன. அட்டை வேண்டியிருக்கவில்லை.

18 பெப்ரவரி 2024, அதிகாலை

நேற்று எழுதியது அரைகுறையாக நிற்கிறது. 1983 ஜூலையில் நான் சிறுமி. வீட்டைவிட்டு வந்து ஒரு கோயில் மண்டபத்தில் சில காலம் இருந்தோம். அந்த மதிலிலும் காவியும் வெள்ளையும்தான். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசும்போது நான் மதிலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பட்டைகள் தரைக்கு அருகில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. என் ஓவியங்களிலும் பட்டைகள் கீழ்ப்புறத்தில் கரைகின்றன. நான் அதை வேண்டுமென்று செய்யவில்லை. தண்ணீர் அதிகம் கலந்தால் வண்ணம் கீழே வழியும், அவ்வளவுதான். வழிந்ததைத் துடைக்காமல் விட்டவள் நான்.

ஆகவே அந்தக் கூடத்தார் முற்றிலும் இல்லாத ஒன்றைக் கேட்கவில்லை. இன்று கேட்டாலும் அந்த வரியை எழுதித் தர மாட்டேன். எழுதினால் பார்வையாளர் மதிலைப் பார்க்கும் முன்பே ஜூலைக்குப் போய்விடுவார். நான் ஜூலையில் இருந்துகொண்டு மதிலைப் பார்த்தவள். இந்த வரிசைமுறை மாறினால் ஓவியம் எனக்கு அந்நியமாகிவிடும்.

இதற்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். விவாதத்தைத் தொடருங்கள்.

18 பெப்ரவரி 2024, மாலை

‘நீங்களே தூண்டுதல் இருந்ததாகச் சொல்லிவிட்டீர்களே’ என்று சரியாகப் பிடித்தவருக்கு: தூண்டுதல் இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. அது எப்போது தெரியவருகிறது என்பதில்தான் என் பிடிவாதம். இந்திய ஓவியர் எஸ். எச். ராசா பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, மனம் அலைபாய்ந்ததைக் கண்ட ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை இட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். 1922இல் பிறந்த அவர் 1950இல் பிரான்சுக்குச் சென்றார். அங்கே நிலக்காட்சிகளையும் வீடுகளையும் வண்ணத்திட்டுகளாக வரைந்து பெயரும் பெற்றார். ‘பிந்து’ என்ற கரிய புள்ளி அவருடைய துணிகளின் நடுவே வந்து உட்கார்ந்தது ஐம்பது வயதுக்கு வெகுவாக மேற்பட்ட பின்னரே. ஆசிரியரின் புள்ளி அதுவரை எங்கே இருந்தது? அது தூண்டியது என்பதைவிட, வரைந்த புள்ளி பழைய புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தென்னிந்திய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டங்கள் போன்ற சட்டங்களுக்குள் எழுத்துப் போன்ற கிறுக்கல்கள் உள்ளன, வாசிக்க முயலாதீர்கள், ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. சென்னைக்கு அருகே உள்ள ஓவியர் கிராமமான சோழமண்டலத்துக்குப் போனால் நிதானமாகப் பாருங்கள்.

2 மார்ச் 2024

எப்படிப் பார்ப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வழிமுறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பிறகு துணியின் ஓரத்தை, சட்டத்தின்மேல் மடிந்து போகும் பக்கத்தைப் பாருங்கள். முன்புறத்தில் மூடப்பட்ட நிறங்கள் அங்கே வரிவரியாகத் தெரியும். சாம்பல் ஓவியத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் வடிந்திருந்தால், ஓவியர் எதைக் கடந்து சாம்பலுக்கு வந்தார் என்பது புரியும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி நின்றால், எங்கே கை தயங்கியது, எங்கே ஒரே இழுப்பில் போனது என்பது தடிப்பில் தெரிந்துவிடும். 1993 முதல் நடந்துவரும் கலா பொல ஓவியச் சந்தையில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் மரநிழலில், வெயில் புள்ளி புள்ளியாக விழும்போது இது இன்னும் எளிது. அங்கே ஓவியரே கதிரை போட்டு அருகில் இருப்பார். அவரிடம் ‘இதன் பொருள் என்ன’ என்று கேட்காமல் ‘இதன் அடியில் என்ன இருக்கிறது’ என்று கேளுங்கள். பேச்சை நிறுத்துவதுதான் பிறகு கடினமாக இருக்கும்.

3 மார்ச் 2024

இவ்வளவு நேரமும் எல்லோரும் துக்கத்தையே தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு தங்கை சுட்டிக்காட்டியிருக்கிறார். நியாயமான குற்றச்சாட்டு. மகிழ்ச்சியை அட்டையில் எழுதினால் ஓவியம் இலேசானது என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் எங்களிடமும் இருக்கிறது.

அக்னஸ் மார்ட்டின் பென்சிலால் நுணுக்கமான கட்டங்களை வரைந்தவர். மரங்களின் களங்கமின்மையை எண்ணியபோது அந்தக் கட்டம் மனத்தில் தோன்றியதாகச் சொன்னார். டச்சு ஓவியர் மொண்ட்ரியானை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு வீச்சுக்கு நடுவே இலண்டனைவிட்டு 1940இல் நியூயோர்க்குக்குத் தப்பி வந்த முதியவர் அவர். 1942, 43இல், எழுபது வயதில், அவர் வரைந்த ‘புரோட்வே பூகி வூகி’யில், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிடாத கறுப்புக் கோடுகளையே கைவிட்டுவிட்டார். மஞ்சள் கோடுகள், அவற்றின்மேல் தத்திச் செல்லும் சிவப்பு, நீலச் சதுரங்கள். அகதியாக வந்தவரின் ஓவியம் அது என்று அட்டையில் போட்டால் நாம் உடனே அதில் வேதனையைத் தேடத் தொடங்கிவிடுவோம். அவரோ பூகி வூகி இசையின் துள்ளலில் மயங்கியிருந்தார்.

நான் மகிழ்ச்சியில் வரைந்தது உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. கடைகளில் மீண்டும் வண்ணங்கள் வரத் தொடங்கியபோது, கையிருப்பைக் கணக்குப் பார்க்காமல் காட்மியம் மஞ்சளை அள்ளிப் பூசிய ஒரு பெரிய துணி. பூசும்போது பாடிக்கொண்டிருந்தேன் என்று கீழ்வீட்டார் முறையிட்டிருக்கிறார்கள். கண்காட்சியில் அதன் முன் நின்ற ஒருவர் ‘நூலகம் எரிவது போல இருக்கிறது’ என்றார். இன்னொருவர் மஞ்சட்காமாலையை நினைவுபடுத்துகிறது என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டேன், மறுத்துப் பேசவில்லை. அது இன்னும் விற்கவில்லை. விலையைக் குறைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.